கம்ப்யூட்டர் பெட்டியில் ஓட்டை போட எந்தக் கருவி?



கோடை வந்ததும் நமது மாணவர் பயிற்சிக் கூடத்தில் ஒரு தொல்லை தொடங்கிவிடும். மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிற அறை அது. நன்கொடையாக வந்த பழைய கம்ப்யூட்டர்கள் பிற்பகலில் ஒவ்வொன்றாகத் தானாகவே அணைந்துவிடும். பெட்டிக்குள் சூடு அளவுக்கு மேல் ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள அது அப்படித்தான் செய்யும்.

சென்ற ஆண்டு நம் இளைஞர்கள் சிலர் ஒரு யோசனையுடன் வந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் வட்டமாக ஓட்டை போட்டு விசிறி பொருத்தலாம் என்றார்கள். ஒரு பெட்டியில் மட்டும் சதுரமாக வெட்டி, கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட் பதித்து ஜன்னல் வைத்தால், உள்ளே எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் திறக்காமலே காட்டலாம் என்றும் சொன்னார்கள். நல்ல யோசனைதான். வாங்க வேண்டிய சாமான்களுக்கு ஒரு பட்டியலும் தந்தார்கள். நான்கு அங்குல கட்டிங் மெஷின், அதற்கான டிஸ்க், பாதுகாப்புக் கண்ணாடி என்று அதில் மூன்று வரிகள். வெட்டப் போகிற தம்பி ஏற்கெனவே மூக்குக் கண்ணாடி அணிபவர். இன்னொரு கண்ணாடி எதற்கு என்று மூன்றாவது வரியை நாங்களே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

முதல் தகட்டிலேயே வட்டம் எண்கோணமாக வந்தது. ஓரமெல்லாம் பெயின்ட் கருகி, தகடு நெளிந்துவிட்டது. அது போகட்டும். அன்று இரவு அந்தத் தம்பிக்குக் கண் உறுத்தியது. மறுநாள் காலை கண் மருத்துவர் பார்த்தபோது, கருவிழியின் மேல் ஒரு சிறு இரும்புத் துகள் பதிந்திருந்தது. மூக்குக் கண்ணாடியின் பக்கவாட்டு இடைவெளி வழியாகப் புகுந்திருக்கிறது. துகளை எடுத்தார்கள், பார்வைக்குக் குறைவில்லை. ஆனால் அவருடைய அத்தா அலுவலகத்துக்கு வந்து எங்களை ஒரு வார்த்தையும் கேட்காமல் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தை நாங்கள் மறக்கவில்லை.

அதன் பிறகு பட்டறை வேலை தெரிந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, காயலான் கடையில் வாங்கிய பழைய தகடுகளில் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டோம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலுக்குப் போகிறார்கள். சிலர் ஆசைக்காகவே பெட்டியை வெட்டி அழகு செய்கிறார்கள். எந்தக் கருவி வாங்குவது என்று அவர்கள் பெற்றோரிடம் பணம் கேட்கும்போது, என்ன சொல்வது என்று பெற்றோருக்கும் தெரிய வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

முதல் கேள்வி: ஓட்டை தேவைதானா?

கருவியைப் பற்றிப் பேசும் முன் இதைக் கேட்க வேண்டும். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் தூசிதான். பெட்டியைத் திறந்து, பிராசசர் மேலுள்ள விசிறியையும் அதன் அடியிலுள்ள அலுமினியத் துடுப்புகளையும் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். பிராசசருக்கும் அந்தத் துடுப்புக்கும் இடையே பூசுகிற பசை பல ஆண்டில் காய்ந்துபோயிருக்கும். அதைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். பெட்டியின் முன்புறத்திலோ பின்புறத்திலோ விசிறி மாட்டும் இடம் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கூடத்துப் பெட்டிகளில் பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிட்டன. வெட்ட வேண்டிய தேவையே வரவில்லை.

இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும். விசிறிக்கான ஓட்டை காற்றைக் கொண்டுவரும், ஜன்னல் கொண்டுவராது. ஜன்னல் பார்வைக்கு மட்டுமே. இரண்டையும் ஒன்றாக எண்ணிச் செலவு செய்ய வேண்டாம்.

இப்போது வருகிற பல பெட்டிகளில் பக்கவாட்டில் கண்ணாடியே இருக்கிறது. அது டெம்பர்ட் கண்ணாடி. அதில் ஓட்டை போடவோ வெட்டவோ முடியாது. கருவி பட்டால் முழுக் கண்ணாடியும் சிறு சிறு துண்டாக நொறுங்கிவிடும். அப்படிப்பட்ட பெட்டியில் விசிறி வேண்டுமானால் இரும்புத் தகடு உள்ள பக்கத்தில்தான் யோசிக்க வேண்டும்.

தகட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரணப் பெட்டிகளின் தகடு துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு. கனம் அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை இருக்கும். மலிவான பெட்டியில் கையால் அழுத்தினாலே வளையும். அலுமினியப் பெட்டி என்றால் தகடு இதைவிடக் கனமாக இருக்கும், ஆனால் மென்மையானது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இரும்பில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது.

நாங்கள் செய்த அடிப்படைத் தவறு இங்கேதான். இரும்பு என்றதும் பலமான கருவி வேண்டும் என்று நினைத்துவிட்டோம். இது கனத்த இரும்பு அல்ல, மெல்லிய தகடு. மெல்லிய தகட்டுக்குப் பலம் தேவையில்லை. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கிற, கை சொன்ன இடத்தில் நிற்கிற கருவிதான் தேவை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிப் பாடம் சுலபம்.

சிறிய வட்ட ஓட்டைகள்

திருகு, சிறு விளக்கு, பட்டன் சுவிட்ச் போன்றவற்றுக்கான ஓட்டை இவை. முதலில் தகட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் பென்சிலால் குறியுங்கள். பெயின்ட் கீறாமலிருக்க டேப் உதவும். குறித்த இடத்தில் சென்டர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அந்தக் குழி இல்லாவிட்டால் டிரில் பிட் வழுக்கி ஓடி, தகட்டில் கோடு கிழிக்கும்.

5 மி.மீ. வரை சாதாரண ஹெச்.எஸ்.எஸ். பிட் போதும். அதற்கு மேல் போனால் சாதாரண பிட் மெல்லிய தகட்டில் சிக்கிக்கொள்ளும். ஓட்டை வட்டமாக வராமல் முக்கோணமாக வரும். அதற்கென்றே படிப்படியாக விரிகிற கூம்பு வடிவப் பிட் இருக்கிறது. கடையில் ஸ்டெப் டிரில் என்று கேளுங்கள். ஒரே பிட்டில் 4 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை, சிலவற்றில் 32 மி.மீ. வரையும் போடலாம். ஓட்டை சுத்தமான வட்டமாக வரும். பட்டன் சுவிட்ச்கள் பெரும்பாலும் 12, 16, 19, 22 மி.மீ. அளவுகளில் வருவதால் இந்த ஒரே பிட் பல வேலைக்கு உதவும். வாங்கும்போது அதன் படிகளில் நீங்கள் விரும்பும் அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாப் பிட்டிலும் எல்லா அளவும் இருக்காது. எந்தப் படியில் நிறுத்த வேண்டுமோ அதில் டேப் சுற்றிக்கொண்டால் அளவு தாண்டாது.

எந்த ஓட்டையானாலும் தகட்டின் அடியில் பலகை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரு கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டிரில் போடக் கூடாது. பிட் சிக்கினால் தகடு சுழலும். அதன் ஓரம் கத்திக்குச் சமம்.

விசிறிக்கான பெரிய வட்டம்

முதலில் அளவு. விசிறியின் நான்கு திருகு ஓட்டைகளுக்கு இடையிலான தூரம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். 80 மி.மீ. விசிறிக்கு 71.5 மி.மீ.; 92 மி.மீ. விசிறிக்கு 82.5 மி.மீ.; 120 மி.மீ. விசிறிக்கு 105 மி.மீ.; 140 மி.மீ. விசிறிக்கு 124.5 மி.மீ. சாதாரண விசிறியின் கனம் 25 மி.மீ. தகட்டை மூடும்போது விசிறி பிராசசர் விசிறியிலோ கேபிளிலோ இடிக்குமா என்பதை வெட்டும் முன்பே அளந்து பாருங்கள். வெட்டிய பின் அளந்து பயனில்லை.

இந்த வட்டத்துக்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, ஹோல்சா. கிண்ணம் போன்ற வட்ட ரம்பம் அது. டிரில் மெஷினில் மாட்டி வெட்டுவது. 80 மி.மீ. விசிறிக்கு 76 மி.மீ. (மூன்று அங்குலம்), 120 மி.மீ. விசிறிக்கு 114 மி.மீ. (நாலரை அங்குலம்) ஹோல்சா பொருந்தும். இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. கடையில் ஒரே டப்பாவில் பல அளவுகளில் மலிவாகக் கிடைப்பது மரத்துக்கானது. இரும்பில் வைத்தால் பல் மழுங்கிவிடும். பை-மெட்டல் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். அடுத்து, பெரிய ஹோல்சாவின் தண்டு பல சமயம் 11 மி.மீ. இருக்கும். வீட்டிலுள்ள சிறிய டிரில் 10 மி.மீ. வாய் உள்ளதென்றால் அதில் நுழையாது; 13 மி.மீ. வாய் உள்ள மெஷின் வேண்டும். மூன்றாவது, வேகம். வீட்டு டிரில்கள் பல, முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓடுபவை. ஆனால் 76 மி.மீ. ஹோல்சா இரும்பை வெட்ட நிமிடத்துக்கு 100 சுற்றை ஒட்டிய வேகம்தான் சரி, 114 மி.மீ. என்றால் அதைவிடவும் குறைவு. ஆகவே வேகத்தைக் குறைக்க முடியாத டிரில் இந்த வேலைக்கு உதவாது. வேகமாக ஓட்டினால் பல் சூடேறி, சில விநாடிகளில் ஹோல்சா வீணாகும்.

தகட்டின் அடியில் ஒரு பிளைவுட் துண்டை இறுக்கிக்கொண்டு, நடுவிலுள்ள வழிகாட்டிப் பிட் அந்த மரத்துக்குள் இறங்கும்படி வெட்டினால் ஹோல்சா ஆடாது. ஏற்கெனவே காற்றுத் துளைகள் உள்ள இடத்தில் வெட்டும்போது இது கட்டாயம். இல்லையென்றால் வழிகாட்டிப் பிட்டுக்குப் பிடிமானம் இருக்காது. இரண்டொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மெஷினின் பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டி இரு கைகளாலும் பிடியுங்கள். ஹோல்சா சிக்கினால் மெஷின் மணிக்கட்டைத் திருகிவிடும்.

இரண்டு, சுற்றிலும் துளை போடுவது. ஹோல்சா இல்லாதவர்களுக்கு இதுவே வழி. வட்டத்தின் கோட்டுக்குச் சற்று உட்புறமாக 4 மி.மீ. துளைகளை நெருக்கமாகப் போட்டுக்கொண்டே போய், இடையில் எஞ்சிய தகட்டைச் சிறு உளியால் துண்டித்து, பிறகு அரைவட்ட அரத்தால் கோடு வரை ராவ வேண்டும். ஒரு வட்டத்துக்கு ஒரு மாலைப் பொழுது ஆகும். ஆனால் செலவு ஓர் அரத்தின் விலைதான். எங்கள் கூடத்தில் மிக அழகாக வந்த வட்டம், பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்ததுதான்.

மூன்று, பஞ்ச். எலக்ட்ரீஷியன்கள் சுவிட்ச் போர்டு பெட்டியில் பைப் நுழைய ஓட்டை போடும் கருவி அது. நடுவில் ஒரு துளை போட்டு, மேலும் கீழும் வைத்துத் திருகை இறுக்கினால் தகட்டை வட்டமாக அறுத்துவிடும். பொறி இல்லை, சத்தம் இல்லை, ஓரம் சுத்தம். ஆனால் விசிறி அளவுக்கான பெரிய பஞ்ச் விலை அதிகம். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இருந்தால் இரவல் கேளுங்கள், வாங்க வேண்டாம்.

ஜன்னலுக்கான நேர்க்கோடும் வளைவும்

ஜன்னல் வெட்டுவதற்கு நாங்கள் முதலில் சொல்வது ஜிக்சா. தச்சர்கள் வைத்திருக்கிற, பிளேடு மேலும் கீழும் ஓடுகிற மெஷின்தான். ஆனால் பிளேடு மரத்துக்கானதாக இருக்கக் கூடாது. உலோகத்துக்கான பொடிப்பல் பிளேடு வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 24 பல்லோ அதற்கு மேலோ இருக்கட்டும். பல் பெரிதாக இருந்தால் மெல்லிய தகடு இரு பற்களுக்கு இடையே சிக்கிக் கிழியும். மெஷினில் பிளேடை முன்னும் பின்னும் ஊசலாட்டுகிற விசை இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். வேகம் குறைவாக இருக்கட்டும். நான்கு மூலையிலும் முதலில் ஸ்டெப் டிரில்லால் 12 மி.மீ. ஓட்டை போட்டால் பிளேடு நுழையவும் இடம் கிடைக்கும். மூலையும் அழகாக உருண்டு வரும். மெஷினின் அடித்தட்டு பெயின்டை உராயாமலிருக்க அது ஓடும் பாதை முழுவதும் டேப் ஒட்டுங்கள். தகடு துடித்து அதிர்ந்தால் அடியில் மெல்லிய பிளைவுட் வைத்து, இரண்டையும் சேர்த்தே வெட்டுங்கள்.

அடுத்தது நிப்ளர். குறடு போன்ற கைக்கருவி. தகட்டைச் சிறு சிறு துண்டாகக் கடித்து எடுக்கும். எல்லாக் கடையிலும் இருக்காது; சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். வாய் நுழைய 12 மி.மீ. அளவில் ஓர் ஓட்டை போட வேண்டும். கரண்ட் வேண்டாம், பொறி இல்லை, தகடு நெளியாது, பெயின்ட் கருகாது. கை வலிக்கும், நேரம் ஆகும், அவ்வளவுதான் குறை. முதன்முதலாகச் செய்கிற இளம் பிள்ளைகளுக்கு இதைவிட ஏற்ற கருவி இல்லை. கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே கடித்து, மீதியை அரத்தால் ராவச் சொல்லுங்கள்.

தகரக் கத்தரி பலர் வீட்டில் இருக்கும். அதை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். வெட்டும்போதே ஓரத்தை வளைத்துவிடும். வளைந்ததை மறுபடி நேராக்க முடியாது. ஹாக்சா பிளேடு நல்லதுதான், அங்குலத்துக்கு 32 பல் உள்ளதை வாங்க வேண்டும். ஆனால் அதன் சட்டம் தகட்டின் நடுவரை எட்டாது. பிளேடை மட்டும் பிடிக்கிற கைப்பிடி தனியாகத் தேவை.

கையடக்கமான சிறு ரோட்டரி மெஷினில் சிறிய வெட்டும் தட்டு மாட்டியும் வெட்டலாம். மூலையைச் சரிசெய்யவும், சிறு நேர்க்கோட்டுக்கும் நல்லது. முழு ஜன்னலையும் அதில் வெட்டினால் தட்டுகள் தேய்ந்துகொண்டே போகும். பக்கவாட்டில் சற்று அழுத்தினாலும் தட்டு உடைந்து தெறிக்கும். நார் பின்னிய தட்டு சற்றுப் பாதுகாப்பு.

கட்டிங் மெஷின் ஏன் வேண்டாம்?

நான்கு அங்குல கட்டிங் மெஷினில் தட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டி ஓடுகிறது. கம்பியும் ஆங்கிளும் அறுக்க அது சரியான கருவி. பெட்டித் தகட்டில் அதனால் வளைவு வெட்ட முடியாது. மூலையில் நிற்காமல் கோட்டைத் தாண்டி ஓடும். சூட்டில் பெயின்ட் கருகும், மெல்லிய தகடு நெளியும். பறக்கிற பொறி பக்கத்திலுள்ள கண்ணாடியிலும் டைல்ஸிலும் ஒட்டிப் பிறகு துருக்கறையாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டு தகட்டில் நெரிந்தால் மெஷின் ஆளை நோக்கித் துள்ளும்.

வேறு வேலைக்காக அதை வைத்திருப்பவர்கள் இதை மட்டும் பாருங்கள். தட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். பிசினால் ஒட்டிய தட்டு பழசானால் பலமிழக்கும். தட்டில் எழுதியுள்ள சுற்று வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறைவாக இருக்கக் கூடாது. மேலுள்ள இரும்பு மூடியை எக்காரணத்துக்கும் கழற்றக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் தட்டு சில விநாடிகள் சுற்றும். நின்ற பிறகே கீழே வையுங்கள்.

அக்ரிலிக் ஷீட்

ஜன்னலுக்கு 3 மி.மீ. கனம் போதும். அதை நீங்களே வெட்டி உடைத்துக்கொள்வதைவிட, ஊரில் பெயர்ப்பலகை செய்கிற கடையில் அளவு சொன்னால் லேசரில் சுத்தமாக வெட்டித் தந்துவிடுவார்கள். ஓட்டையைவிட நான்கு புறமும் 15 முதல் 20 மி.மீ. பெரிதாகச் சொல்லுங்கள். வீட்டில் துளை போடுவதானால் மெதுவாக, அடியில் மரம் வைத்துப் போடுங்கள். திருகைவிடத் துளை சற்றுப் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் விரிசல் விடும். மேலுள்ள பாதுகாப்புத் தாளைக் கடைசியில்தான் உரிக்க வேண்டும்.

வெட்டிய தகட்டின் ஓரத்தில் ரப்பர் பீடிங் மாட்டி, உட்புறமாக அக்ரிலிக்கைத் தடித்த டபுள் சைடு டேப்பால் ஒட்டலாம். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமோ ஸ்பிரிட்டோ போட்டு அக்ரிலிக்கைத் துடைக்காதீர்கள். நுண்ணிய விரிசல்கள் விழும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

வெட்டிய பிறகு

பிசிறை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, விரலைக் காகிதத்தில் சுற்றித் தடவிப் பாருங்கள். காகிதம் கிழியாவிட்டால் ஓரம் சரி. வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விட்டதால் துரு பிடிக்கும்; பிரைமரும் அதன் மேல் பெயின்டும் அடித்துவிடுங்கள். விசிறியின் வெளிப்புறம் கம்பி வலை கட்டாயம். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வெட்டும் முன் தகட்டைக் கழற்றி வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியின் உடலிலேயே வெட்டுவதானால் உள்ளே உள்ள அத்தனையையும் வெளியே எடுங்கள். ஒரு சிறு இரும்புச் சீவல் மதர்போர்டில் விழுந்து இரண்டு கம்பிக் கோட்டைத் தொட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும். பாலிதீன் பையில் சுற்றிய காந்தத்தால் சீவல்களைப் பொறுக்கலாம். பையை உதறினால் எல்லாம் கொட்டிவிடும். அலுமினியத்துக்குக் காந்தம் உதவாது, தூரிகைதான். வாயால் ஊதாதீர்கள், துகள் திரும்பி கண்ணுக்கே வரும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வெட்டவோ திறக்கவோ கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக் கூடும்.

கண்ணைப் பற்றி

இதைக் கடைசியில் எழுதினாலும் கருவிப் பட்டியலில் முதல் வரியாக வைக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டையும் மூடுகிற கண்ணாடி வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு அதற்கு மேலேயே போடத் தக்கது கிடைக்கிறது. கருவி பிடிப்பவர் மட்டுமல்ல, பக்கத்தில் நின்று பார்ப்பவரும் போட வேண்டும். டிரில் சுற்றும்போது கையுறை, தொங்கும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் கூடாது, சுற்றி இழுத்துக்கொள்ளும். வெட்டிய தகட்டைத் தூக்கும்போது மட்டும் கையுறை போடுங்கள்.

கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்காதீர்கள். துணி நுனியால் எடுக்க முயலாதீர்கள். வேகமாகத் தெறித்த இரும்பு, அதிக வலி இல்லாமலே கண்ணுக்குள் இறங்கியிருக்கக் கூடும். கருவிழியில் பதிந்த இரும்பு அங்கேயே துருப் பிடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே "காலையில் பார்க்கலாம்" என்று தூங்கப் போகாமல் உடனே கண் மருத்துவரிடம் போங்கள். இரும்பு வெட்டும்போது விழுந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பரிசோதனையின் வகையே அதைப் பொறுத்து மாறும்.

எதை வாங்குவது?

வீட்டில் ஒரே ஒரு பெட்டிக்கு என்றால்: பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு ஸ்டெப் டிரில், அரைவட்ட அரம், சென்டர் பஞ்ச், உப்புத்தாள். டிரில் மெஷினை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னலும் வேண்டுமென்றால் ஒரு நிப்ளர் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிலாகச் செய்யப் போகிற பிள்ளைக்கு வேகம் குறைக்கக் கூடிய 13 மி.மீ. டிரில், 76, 114 மி.மீ. பை-மெட்டல் ஹோல்சா, ஜிக்சா. ஒரு தடவை மட்டும் வேண்டும், கையில் பொறுமையும் இல்லை என்றால் தகட்டையும் வரைபடத்தையும் லேசர் கட்டிங் செய்யும் பட்டறையில் கொடுத்துவிடுவதே சிக்கனம். எதுவானாலும் முதல் வெட்டு உங்கள் பெட்டியில் வேண்டாம். காயலான் கடைத் தகட்டில் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

நமது அலுவலகத்தில் இப்போது ஒரு டிரில், இரண்டு ஹோல்சா, ஒரு ஜிக்சா, இரண்டு நிப்ளர் இருக்கின்றன. பதிவேட்டில் எழுதிவிட்டு மூன்று நாள் இரவலாக எடுத்துச் செல்லலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அத்தாவையோ அம்மாவையோ அழைத்து வர வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடிகள் நான்கு வைத்திருக்கிறோம். கருவியோடு அதையும் எடுத்துச் செல்கிறவருக்குத்தான் கருவி. அந்தப் பதிவேட்டைக் கவனித்துக்கொள்பவர், முதல் தகட்டை வெட்டிய அதே தம்பி. அவர் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.